வலி அவளுக்கு, ஓட்டு யாருக்கு?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், தலைவலிக்கு மாத்திரை போட்டால் யாரும் தடுப்பதில்லை. அவளே பிரசவ வலிக்கு ஊசி கேட்டால்? "நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்பார் மாமியார். "முதுகு போயிடும்மா" என்பார் கணவர்.

வேலூர் சி.எம்.சி. பிறந்த கதை தெரியும்தானே? 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள், கணவர்கள். அதைப் பார்த்துக் கலங்கிய ஐடா ஸ்கடர், தானே டாக்டராகி 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார்.

இன்று பெண் டாக்டர்கள் நிறையவே இருக்கிறார்கள். முடிவெடுக்கும் ஆள்தான் பல வீடுகளில் மாறவில்லை.

ஆரோக்கியமான கர்ப்பிணி கேட்டால் 'எபிடியூரல்' கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதனால் தீராத முதுகுவலி வரும் என்பதற்கு ஆதாரமில்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம், பிரசவம் சற்று நீளலாம். மயக்க டாக்டர் தேவை, செலவும் உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வலி வந்தபிறகு பட்டிமன்றம் நடத்த முடியாது.

ஊசி வேண்டாம் என்று அவள் சொன்னால், ரொம்ப சரி. அதை அவள் சொல்லட்டும்.

நான் பி.காம். படித்தவன். ஷேர் வைத்திருப்பவருக்குத்தான் ஓட்டு. இந்த வலியில் நூறு சதவிகித ஷேரும் அவளுடையது. அடுத்த செக்கப்புக்குக் கிளம்புமுன், அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன், சார்!