இல்லாமையும் இயலாமையும்: கரிசல், சித்தூர்ப் புனைகதைகளில் குழந்தை ஆளுமை

முன்னுரை

குடும்பத்தின் பொருளாதார நிலையும் சமூகத் தகுதியும் குழந்தையின் உடல், மொழி, மன வளர்ச்சிகளைப் பெரிதும் வடிவமைக்கின்றன என்பது கல்வியியலார் பலரும் ஏற்ற கருத்தாகும். எனினும் அக்கருத்து வகுப்பறையை அடையும்பொழுது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும் என்னும் முன்முடிபாகத் திரிந்துவிடுவதும் உண்டு. இல்லாமை வேறு, இயலாமை வேறு. இவ்வேறுபாட்டைக் கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, கி. ராஜநாராயணனின் ‘கதவு’, சித்தூர் வட்டாரத் தெலுங்கு எழுத்தாளர் நாமினியின் ‘பச்சனாகு சாக்ஷிகா’ ஆகிய படைப்புகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்பீட்டின் பொருத்தம்

சித்தூர், 1911இல் தனி மாவட்டமாகும் வரை வடார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்த பின்னரும் சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய பகுதிகளில் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். திருப்பதி 2022இல் தனி மாவட்டமாயிற்று. இப்பகுதித் தமிழ்க் குழந்தைக்கு வீட்டுமொழி தமிழ், சூழல்மொழி தெலுங்கு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த அழகிரிசாமிக்கும் கி.ரா.வுக்கும் இந்நிலை தலைகீழானது; வீட்டுமொழி தெலுங்கு, எழுத்துமொழி தமிழ். வீட்டின் மொழியும் வெளியின் மொழியும் வேறுபடும் சூழலை இருபுறத்தாரும் அறிந்தவராதலின் இவ்வொப்பீடு பொருந்துவதாகும்.

சொல்வன்மையும் வறுமையும்

‘ராஜா வந்திருக்கிறார்’ கதை பெரும்பாலும் தாயம்மாளின் தாய்மையை முன்னிறுத்தியே பேசப்படுகிறது. குழந்தைகளின் போட்டி அதற்கு முகவுரையாக மட்டும் கொள்ளப்படுகிறது. இக்கணிப்பு மறுபரிசீலனைக்கு உரியது. செல்வச் சிறுவன் ராமசாமி, தன் உடைமையைச் சொல்லிப் பெருமை கொள்ளும்போதெல்லாம் மங்கம்மாளும் அவள் உடன்பிறந்தாரும் ஈடான வாதத்தை உடனே கண்டெடுக்கின்றனர். உடைமையில் தோற்கும் குழந்தைகள் தருக்கத்தில் தோற்பதில்லை. ராமசாமி வீட்டிற்கு ராஜா வந்திருப்பதற்கு எதிராகத் தம் வீட்டிற்கு வந்த ராஜா என்னும் அநாதைச் சிறுவனை மங்கம்மாள் நிறுத்துவது இத்தருக்கத்தின் உச்சமாகும்.

உழைக்கும் வர்க்கக் குழந்தைகளின் பேச்சு வரையறுக்கப்பட்ட குறிமுறையைச் சார்ந்தது என்று பேசில் பெர்ன்ஸ்டைன் கூறியது, பின்வந்தோர் பலரால் மொழிக்குறை எனப் பொருள் கொள்ளப்பட்டது. நியூயார்க் கறுப்பினக் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த வில்லியம் லபோவ், அப்பேச்சில் முழுமையான தருக்கம் உண்டென்று 1969இல் நிறுவினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அழகிரிசாமி தம் கதையில் இவ்வுண்மையைக் காட்டியுள்ளமை நோக்கத்தக்கது.

கற்பனையும் உடலும்

ஏழைக் குழந்தையைப் போற்றுவது வறுமையைப் போற்றுவதாக முடியக்கூடாது. இவ்வெச்சரிக்கையைத் தருவது ‘கதவு’. வீட்டுக் கதவையே பேருந்தாக்கி விளையாடும் லட்சுமி, சீனிவாசன் ஆகியோரின் கற்பனைக்குப் பொம்மை எதுவும் தேவைப்படவில்லை. ஆயின் தீர்வை பாக்கிக்காகக் கதவு பெயர்த்துச் செல்லப்படுகிறது. கதவற்ற வீட்டில் குளிர் புகுகிறது, கைக்குழந்தை இறக்கிறது. தந்தை பிழைப்புத் தேடி வெளியூரில். தாய் கூலி வேலையில். விளையாட்டுப் பொருளாக நின்ற அதே கதவு உயிர்க்காவலாகவும் இருந்தமை அதன் இழப்பிற்குப் பின்னரே புலனாகிறது. வறுமை குழந்தையின் கற்பனையைக் கொல்லவில்லை, குழந்தையையே கொல்கிறது. குறை குழந்தையின் அறிவில் இல்லை, அதைச் சூழ்ந்த ஏற்பாட்டில் உள்ளது என்பதே கதையின் திறவுகோல்.

உழைப்பு தரும் அறிவு

நாமினியின் நூல், திருப்பதியை அடுத்த சிற்றூரின் உழவர் வாழ்வைச் சிறுவன் ஒருவனின் தன்மைக்கூற்றாக, எழுத்துத் தெலுங்கை விலக்கி வட்டார வழக்கிலேயே சொல்கிறது. இடைசெவல் கதைகள் இரண்டிலும் குழந்தையைப் பற்றி ஆசிரியர் கூறுகிறார். இங்கே குழந்தையே கூறுகிறது. தாயின் பாடு, நிலம், கால்நடை, கடன் ஆகியவற்றைப் பற்றிய நுண்ணறிவு அக்குரலில் இயல்பாக வெளிப்படுகிறது. இவ்வறிவு ஏழைக் குடும்பம் தன் குழந்தைக்கு அளிக்கும் முதுசொம்மாகும். பள்ளித் தேர்வு இதனை மதிப்பெண்ணாக எண்ணுவதில்லை. தரமற்றது என ஒதுக்கப்படும் வழக்கே ஒரு நூல் முழுவதையும் தாங்கி நிற்பது, அம்மதிப்பீட்டிற்கு நாமினி அளிக்கும் மறுப்பு எனலாம்.

முடிவுரை

குடும்பப் பின்னணி குழந்தையின் உடல்நலத்தையும் வாய்ப்புகளையும் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது என்பதை ‘கதவு’ உணர்த்துகிறது. அப்பின்னணி மொழித்திறனையும் சிந்தனையையும் இல்லாமல் செய்துவிடுவதில்லை என்பதை மங்கம்மாளின் வாதமும் நாமினியின் சிறுவன் குரலும் மெய்ப்பிக்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் காணும் பள்ளி, வறுமை செய்த தீங்கிற்கு மேலும் ஒரு தீங்கைச் சேர்க்கிறது. தமிழை வீட்டில் பேசித் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பாடம் கேட்கும் சித்தூர், திருப்பதிக் கூலித் தொழிலாளர் குழந்தை வகுப்பில் மௌனமாக இருக்குமாயின், அம்மௌனத்தை அறியாமை எனக் கொள்வதற்கு முன் ஆசிரியர் இக்கதைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.