பணிக்கரின் சீன நினைவுகள்: தூதரின் சொல்லும் மௌனமும்

கே. எம். பணிக்கர் 1948 முதல் 1952 வரை சீனாவில் இந்தியத் தூதராக இருந்தார். முதலில் நாஞ்சிங்கில் கோமிண்டாங் அரசிடமும், பின்னர் பீக்கிங்கில் மக்கள் குடியரசிடமும். ‘இன் டூ சைனாஸ்’ என்னும் அவரது நினைவுநூல் 1955இல் வெளிவந்தது. நேருவைத் திசைதிருப்பியவர் இவரே என்ற கருத்து 1962க்குப் பின் வேரூன்றியது. நூலைக் கூர்ந்து வாசித்தால் அக்கருத்தை அப்படியே ஏற்க இயலவில்லை.

நூலின் வலுவான பகுதி 1950 அக்டோபர் தொடக்கத்தில் நிகழ்ந்த நள்ளிரவுச் சந்திப்பு. அமெரிக்கப் படைகள் 38ஆம் இணைகோட்டைக் கடந்தால் சீனா தலையிடும் என்று சௌ என்லாய் அவரிடம் கூறினார். வாஷிங்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. பணிக்கர் பொதுவுடைமையரிடம் சாய்ந்தவர் என்ற ஐயமே அதற்கு ஒரு காரணம். சில வாரங்களில் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. செய்தி மெய்யாயிற்று, கொண்டுவந்தவர் நம்பப்படவில்லை.

திபெத் விவகாரத்தில் நிலைமை வேறு. தில்லி கருதியது சீனாவின் ‘மேலாட்சி’. 1950 ஆகஸ்டில் பீக்கிங்கில் அளிக்கப்பட்ட குறிப்பில் இடம்பெற்றதோ ‘இறையாண்மை’. நவம்பர் மறுமொழியில் சீன அரசு அச்சொல்லையே எடுத்துக்காட்டியது. நவம்பர் 7ஆம் நாளிட்ட கடிதத்தில் படேல் தூதரின் போக்கைக் கடுமையாகக் குறைகூறினார். மொழியறிவில் தேர்ந்த ஒரு வரலாற்றாசிரியரிடம் இச்சறுக்கல் நேர்ந்தது வியப்பே. ஆசியாவில் ஐரோப்பிய ஆதிக்கம் முடிவுற்றதைப் பெருங்கதையாகக் கண்டவர் அவர். அக்கதையில் சீனப் புரட்சி விடுதலையாகவே தோன்றும், லாசா ஓரத்திற்குத் தள்ளப்படும். சறுக்கலின் வேர் இப்பார்வையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் நேருவுக்கு மாற்றுக் கருத்துகள் கிட்டாமல் இல்லை. சீனாவின் பெருந்தாக்குதல் நிகழ வாய்ப்பில்லை என்று நவம்பர் 18ஆம் நாள் குறிப்பில் அவரே எழுதினார். அதே மாதம் 20ஆம் நாள் மக்மகான் கோடே நம் எல்லை என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சீனா எழுப்பாத எல்லைச் சிக்கலை நாமும் எழுப்ப வேண்டாம் என்ற பணிக்கரின் அறிவுரையைக் கிரிஜா சங்கர் பாஜ்பாய் ஏற்கவில்லை; நேரு ஏற்றார். தூதரின் அறிவுரை எடுபட்டது, அது பிரதமரின் எண்ணத்தோடு ஒத்துப்போனதால்தான்.

இந்த உள்முரண்பாடுகளுக்கு நூல் உரிய இடம் தரவில்லை. தாம் விடைபெற்றபோது இரு நாடுகளுக்கிடையே பெரிய சிக்கல் எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்ற நிறைவே அதில் தெரிகிறது. எல்லையைப் பற்றிப் பீக்கிங்கிடம் கேட்கவே இல்லை என்பதையும் அந்த நிறைவோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.