தீஃப்: ரசிகர்களின் பயத்தை ஒரு பக் ரிப்போர்ட்டாகப் படித்தால்

பழைய கேம் ஒன்றைப் பெரிய பட்ஜெட்டில் திரும்ப எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், ரசிகர்கள் பக்கம் "கெடுத்துடுவாங்க" என்ற புலம்பல் கிளம்பிவிடும். விமர்சகர்கள் அதை நாஸ்டால்ஜியா என்று ஒரே வார்த்தையில் ஓரங்கட்டுவார்கள். ஸ்பிளின்டர் செல் ரீமேக்கை யூபிசாஃப்ட் 2021 டிசம்பரில் அறிவித்தபோதும் இதே கூத்துதான். ஆனால் நேற்றுவரை ஓடிய ஒன்று புது வெர்ஷனில் ஓடவில்லை என்று பயனர் சொன்னால், சாஃப்ட்வேர் தொழிலில் அதற்குப் பெயர் ரிக்ரெஷன். அதை யாரும் நாஸ்டால்ஜியா என்று மூடி வைப்பதில்லை, டிக்கெட் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் கண்ணோடு படிக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 2014-ல் வந்த 'தீஃப்'.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 40 தாண்டிய நம்மூர் இன்ஜினியர்களில் 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' ஆடாதவர்கள் குறைவு. 2000 டிசம்பரில் வந்த அது பிரவுசிங் சென்டர், ஹாஸ்டல் ரூம் என்று சிடி சிடியாகக் கைமாறிப் பரவியது. நடுவில் சேவ் பண்ண முடியாது, கேமராவில் பட்டால் அலாரம். பதுங்கிப் போவது என்றால் என்னவென்று நம்மில் பலருக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஆனாலும் மாட்டிக்கொண்டால் கையில் துப்பாக்கி இருந்தது, சுட்டுத் தப்பிக்கலாம். அதை வெளியிட்ட அதே ஐடோஸ், இரண்டு வருடம் முன்பு 1998-ல் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸின் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்'டை வெளியிட்டிருந்தது. இதில் நீங்கள் காரெட் என்ற திருடன். வாளும் வில்லும் உண்டு, ஆனால் இரண்டு காவலர்களோடு நேருக்கு நேர் மோதினால் கதை முடிந்தது. கஷ்டமான லெவலைத் தேர்ந்தெடுத்தால் நிபந்தனைகள் கூடும்: இன்னும் அதிகம் திருட வேண்டும், ஒரு மனிதனைக்கூடக் கொல்லக் கூடாது.

அந்த கேமின் உயிர் சத்தத்தில் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் ராத்திரி நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிழல் மரங்களுக்குக் கீழே கண்ணுக்கு வேலையே கிடையாது. காய்ந்த சருகு மிதிபடுவது ஒரு சத்தம், ஈர மண்ணில் கால் வைத்தால் சத்தமே இல்லை, ஓடைப் பக்கம் போய்விட்டால் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும். வருவது ஆளா, மிளாவா, பன்றியா என்று காதுதான் சொல்லும். காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் காவல் இருப்பவர் சந்தேகம் வந்தால் முதலில் டார்ச்சை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். வெளிச்சம் அடித்தால் தான் நிற்கிற இடம் எதிராளிக்குத் தெரிந்துவிடும் இல்லையா?

லுக்கிங் கிளாஸ் ஆட்கள் இதை விதிகளாக எழுதினார்கள். ஒவ்வொரு மாளிகையையும் அறை அறையாகப் பிரித்து, எந்த அறை எதோடு எந்த வாசலில் ஒட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லி வைத்தார்கள். அதனால் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு நேர்கோட்டில் வராது, வாசல் வழியாகச் சுற்றித்தான் வரும். கதவை மூடினால் குறையும். முக்கியமான விஷயம், உங்கள் காதுக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான் காவலனின் காதுக்கும். பளிங்கிலும் இரும்புத் தகட்டிலும் நடந்தால் டக் டக் என்று ஊருக்கே கேட்கும். கம்பளம், புல் என்றால் கேட்காது. பளிங்குத் தரையைக் கடக்கப் பாசி அம்பு என்று ஒன்று உண்டு, எய்தால் தரையில் பாசி படரும், அதில் கால் வைத்துப் போகலாம். அந்த கேமின் புரோகிராமர்களில் ஒருவரான டாம் லியனார்ட், காவலர்களின் புலன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று 2003-ல் விரிவாகவே எழுதியிருக்கிறார். கேம் பக்கமே போகாத புரோகிராமரும் ரசித்துப் படிக்கலாம்.

இரண்டாம் பாகம் 2000 மார்ச்சில் வந்தது, மே மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தை அயன் ஸ்டார்ம் 2004-ல் எடுத்தது. அதில் கயிற்று அம்பு காணாமல் போனது, பதிலுக்குச் சுவர் ஏறும் கையுறை. ரசிகர்களின் சந்தேகம் அப்போதே தொடங்கிவிட்டது. அதே 2004-ல் ஒரு கூட்டம் உட்கார்ந்து 'தி டார்க் மோட்' என்ற தங்கள் சொந்தத் திருட்டு கேமை எழுத ஆரம்பித்தது.

நான்காவதை ஐடோஸ் மான்ட்ரியால் 2009 மே மாதம் அறிவித்தது. ஆனால் கேம் எப்படி இருக்கும் என்று முதன்முதலாக வெளியே காட்டியது 2013 மார்ச்சில். வெளியீடு 2014 பிப்ரவரி. இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2013-ல் ரசிகர்கள் போட்ட பயப் பட்டியல் நீளமானது. ஹெட்ஷாட் அடித்தால் எக்ஸ்பி பாயின்ட் கொடுக்கிறார்கள். திரையில் தோன்றும் பட்டனை உடனே அமுக்கச் சொல்லும் காட்சிகள் வருகின்றன. ஃபோகஸ் என்று ஒரு சக்தி, அமுக்கினால் திருட வேண்டிய பொருளெல்லாம் நீலமாக மின்னுகிறது. காரெட்டுக்குக் குரல் கொடுத்த ஸ்டீஃபன் ரஸ்ஸல் இல்லை, பதிலாக ரொமானோ ஒர்சாரி. நினைத்த இடத்தில் குதிக்க முடியாது. கயிற்று அம்பு திரும்பி வந்துவிட்டது, ஆனால் அவர்கள் அனுமதித்த இடத்தில்தான் குத்தும். இத்தோடு காரெட்டின் தோற்றம் பற்றியும் ஒரு பெரிய சண்டை.

தோற்றச் சண்டையை நான் பொருட்படுத்தவில்லை. நம்மூரில் பொன்னியின் செல்வன் படமாகிறது என்றதும் வந்தியத்தேவன் முகம் இப்படியா இருக்கும் என்று வாசகர்கள் மல்லுக்கட்டவில்லையா, அந்த வகை. குரல் அப்படியல்ல. பழைய கேமில் காரெட்டின் முகத்தை நீங்கள் பார்ப்பது அபூர்வம், அவன் ஆளாக இருந்ததே அந்த அலுத்துப்போன, கிண்டல் கலந்த குரலில்தான். உடல் நடிப்பையும் குரலையும் ஒரே ஆளிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது ஸ்டுடியோ சொன்ன காரணம். முகம் முக்கியமாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது எதெல்லாம் சரிசெய்யப்பட்டது என்று பாருங்கள். எக்ஸ்பியைத் தூக்கினார்கள். பட்டன் காட்சிகளைத் தூக்கினார்கள். ஃபோகஸை அணைத்து வைக்க வழி கொடுத்தார்கள். நீங்களே கட்டிக்கொள்ளும் ஒரு கஷ்ட நிலையும் வந்தது: குறிவட்டம் வேண்டாம், நடுவில் சேவ் வேண்டாம், கொலை செய்தால் தோல்வி என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். ரசிகர்கள் சொன்னதைக் கேட்டார்கள், இதை மறுக்க முடியாது. ஆனால் சரியானவை எல்லாம் சுவிட்ச் போட்டு அணைக்கக்கூடிய சங்கதிகள். செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

சரியாகாதவை எல்லாம் அஸ்திவாரத்தில் இருந்தவை. 1998-ல் கயிற்று அம்பு எந்த மரப் பரப்பிலும் குத்தும், ஏனென்றால் 'மரம்' என்பது அந்த உலகத்தின் ஒரு விதி. 2014-ல் அதற்கென்று குறித்து வைத்த உத்தரத்தில் மட்டும் குத்தும். குதிப்பதும் அப்படியே, விளிம்பு அனுமதித்தால் உண்டு. இரண்டாம் பாகத்தில் நகரத்தின் கூரைகள் மேலேயே நடந்து ஒரு கோபுரம் வரை போகிற மிஷன் ஒன்று உண்டு, நடுவில் எங்கும் லோடிங் கிடையாது. 2014-ல் தெருவுக்குத் தெரு ஜன்னலைக் கம்பியால் நெம்பிக்கொண்டே இருக்க வேண்டும், பின்னால் அடுத்த பகுதி லோட் ஆவதற்காக. இதையெல்லாம் மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு லெவலையும் இடித்துக் கட்ட வேண்டும். வெளியீட்டுக்கு ஒரு வருடம்கூட இல்லாதபோது யார் இடிப்பார்கள்? டெமோ காட்டிய பிறகு வாடிக்கையாளர் டேட்டாபேஸ் டிசைனே தப்பு என்றால் என்ன செய்வோம்? சிரித்துக்கொண்டே பட்டன் கலரை மாற்றித் தருவோம்.

இதில் எனக்கு வயிறு எரிந்தது சத்தம் விஷயத்தில். அதுவும் பட்டியலில் யாரும் பெரிதாகச் சொல்லாத விஷயம். டிரெய்லரில் அது தெரியாதே! கேம் வெளியானபோது, வேறொரு அறையில் இருக்கும் காவலன் பேசுவது பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்தது, இரண்டு பேர் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. விமர்சகர்கள் பலர் இதை எழுதினார்கள். கேட்பதை நம்ப முடியாது என்றானதும் ஆட்டக்காரன் என்ன செய்வான்? ஃபோகஸை அமுக்கிக் கண்ணால் பார்ப்பான். ரசிகர்கள் வேண்டாம் என்ற சக்தியை, காது செத்துப்போன உலகம் மறுபடி தேவையாக்கிவிட்டது. சத்தத்தை அவர்கள் சுத்தமாக மறக்கவுமில்லை. கூண்டுப் பறவை கத்தும், நாய் குரைக்கும், உடைந்த கண்ணாடி காட்டிக்கொடுக்கும். மொய்ரா மனநலக் காப்பக அத்தியாயம் ஹெட்ஃபோனில் முதுகுத்தண்டு சில்லிடும். ஆனால் அந்தக் கட்டிடத்தில் பெரும்பாலான நேரம் காவலனே இல்லை. யாரிடமும் ஒளிய வேண்டாத இடத்தில், அலங்காரமாக, சத்தம் அற்புதமாக இருந்தது.

அந்தப் பழைய விதிகளைக் காப்பாற்றியவர்கள் வேறு ஆட்கள். 2012-ல் பெயர் சொல்லாத யாரோ ஒருவர் பழைய எஞ்சினைப் புதிய விண்டோஸில் ஓடும்படி திருத்தி, ஒரு பிரெஞ்சு ரசிகர் தளத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். 'டார்க் மோட்' 2013-லிருந்து தனியாகவே, காசில்லாமல் ஓடுகிறது. முதல் கேமின் 25-வது ஆண்டுக்கு, 2023 டிசம்பரில், அதே பழைய எஞ்சினில் ரசிகர்கள் 'தி பிளாக் பரேட்' என்று முழு நீளக் கதையே வெளியிட்டார்கள். முகங்கள் பலகையில் செதுக்கியது போலத்தான் இருக்கின்றன. கதவை மூடினால் சத்தம் குறைகிறது.

ஆட நினைப்பவர்களுக்கு: 'தீஃப் கோல்ட்' வாங்கி, அந்த 2012 திருத்தத்தின் புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், சாதாரண லேப்டாப்பே தாங்கும். பாஃபோர்ட் பிரபுவின் செங்கோலைத் திருடும் மிஷனில் தொடங்குங்கள். வாசலில் இரண்டு காவலர்கள் கரடிச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.