பெரிய நெகட்டிவும் இருட்டறையும்: மரபுகளும் அளவுகோல்களும்

4 அங்குலத்துக்கு 5 அங்குலமோ அதற்கு மேலோ அளவுள்ள ஃபிலிம் தாள்களில், ஒரு தாளுக்கு ஒரு படமாக எடுக்கும் முறைக்கு லார்ஜ் ஃபார்மட் என்று பெயர். 35 மி.மீ. ஃபிலிமில் விழும் படத்தைவிட 4×5 நெகட்டிவ் பரப்பில் ஏறத்தாழ 15 மடங்கு பெரியது. 8×10 நெகட்டிவ் 60 மடங்கு. பரப்பு கூடக்கூட வெள்ளித் துகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கறுப்பிலிருந்து வெளுப்பு வரை சாம்பல் நிறங்கள் தடங்கலின்றி இறங்கி வரும். இதைவிட முக்கியமான வசதி ஒன்றுண்டு. சுருள் ஃபிலிமில் 36 படங்களுக்கும் ஒரே கழுவல்தான்; தாள் ஃபிலிமில் ஒவ்வொரு காட்சிக்கும் அதற்கேற்ற கழுவல் கொடுக்கலாம். ஆகவே எந்தப் பிரிண்ட் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாக நெகட்டிவைத் தயாரிக்க முடிகிறது. இந்த மரபின் பள்ளிகள் தங்களுக்குள் மல்லுக்கு நின்றதும் பெரும்பாலும் பிரிண்டை முன்னிட்டுத்தான்.

19-ஆம் நூற்றாண்டில் இதில் தேர்வுக்கே இடமிருக்கவில்லை. அன்றைய தாள்கள் வெயிலில் வைத்தால்தான் பதியும். எனவே பிரிண்ட் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், மெழுகேற்றிய காகித நெகட்டிவில் ஏறக்குறைய 12×15 அங்குலப் படங்களை எடுத்தார். 1858-இல் மதுரையும் தஞ்சாவூரும் அவர் கேமராவுக்குள் வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். வெறிச்சோடிய வானம் பிடிக்காதபோது நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகம் சேர்த்தவரும் அவர்தான். ஆவணப் படத்திலும் கைவேலை இருந்தது என்பதற்கு இதுவே போதும்.

கைவேலையையே கொள்கையாக்கியவர்கள் பிக்டோரியலிஸ்டுகள். 1892-இல் லண்டனில் லிங்க்ட் ரிங், 1902-இல் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் தொடங்கிய போட்டோ-செசெஷன் என்று அவர்கள் அணி திரண்டனர். மென்மையான லென்ஸ், பிளாட்டினத் தாள், தூரிகையால் திருத்தக்கூடிய கம் பிரிண்ட் ஆகியவை அவர்களின் கருவிகள். ஓவியத்துக்குச் சமமாக நிற்க ஆசைப்பட்டு ஓவியத்தின் சாயலையே வாங்கிக்கொண்டது அவர்களின் பலவீனம். ஆனால் பிளாட்டினப் பிரிண்டின் ஆழமான சாம்பல் வரிசையைப் பிறகு வந்த எந்தப் பள்ளியும் குறைத்துப் பேசியதில்லை.

எதிர்வினை கலிபோர்னியாவிலிருந்து வந்தது. 1932 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் எஃப்/64 குழு படங்களைக் காட்சிக்கு வைத்தது. எட்வர்ட் வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம், வில்லார்ட் வான் டைக் முதலியோர் அதில் இருந்தனர். லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, முன்னிருக்கும் கல்லும் தொலைவில் இருக்கும் மலையும் ஒருசேரத் துல்லியமாக விழ வேண்டும் என்பது அந்தப் பெயரின் பொருள். 300 மி.மீ. லென்ஸில் எஃப்/64 என்றால் துளை 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய துளையில் ஒளி விளிம்பில் சிதறிக் கூர்மை சற்று மழுங்கும். 8×10 நெகட்டிவை அதே அளவில் பிரிண்ட் போட்டால் அந்த மழுங்கல் தெரியாது. 4×5 நெகட்டிவைப் பெரிதாக்கினால் தெரியும். எஃப்/64 என்பதை மந்திரம்போல் பிடித்துக்கொள்ளும் புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 4×5-க்கு எஃப்/22, எஃப்/32 போதும்.

வெஸ்டனின் 'பெப்பர் நம்பர் 30' இந்தப் பள்ளியின் இலக்கணம். 1930-இல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். புனலின் வளைந்த சுவர் எல்லாப் பக்கமும் ஒளியைத் திருப்பித் தந்தது. கிட்டத்தில் எடுக்கும்போது துருத்தி நீள்கிறது, ஒளி குறைகிறது. பொருளும் படமும் ஒரே அளவு என்ற நிலையில் நான்கு மடங்கு கூடுதல் ஒளி வேண்டும். துளையும் சிறிது என்பதால் எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் நீண்டது. அவருடைய இருட்டறையில் என்லார்ஜர் கிடையாது. தொங்கும் ஒரு பல்பு, கண்ணாடி போட்ட ஒரு பிரிண்டிங் ஃப்ரேம், சில டிரேக்கள், அவ்வளவுதான். அமிடால் டெவலப்பரில் ஊறி அவர் நகங்கள் கறுத்திருந்தன.

அதே குழுவில் இருந்த ஆடம்ஸ் வேறு வழி போனார். பியானோ பயின்றவர் என்பதால் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டை வாசிப்புக்கும் ஒப்பிட்டார். 1940-ஐ ஒட்டி ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த ஸோன் சிஸ்டம், முழுக்கறுப்பைச் சுழியாக வைத்துத் தாளின் வெள்ளை வரை 11 படிகளாகப் பிரிக்கிறது. லைட் மீட்டர் எதை அளந்தாலும் ஐந்தாம் படியான நடுச்சாம்பலாகவே சொல்லும். நிழலில் விவரம் தெரிய வேண்டிய இடத்தை அளந்து, இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் அது மூன்றாம் படியில் அமரும். வெளிச்சப் பகுதி எட்டாம் படியையும் தாண்டிப் போகிறதென்றால் கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மந்தமான நாளென்றால் கூட்ட வேண்டும். நிழலுக்கு எக்ஸ்போஷர், வெளிச்சத்துக்குக் கழுவல் என்பதே இதன் சாரம். 1941-இல் நியூமெக்சிகோவில் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' எடுத்தபோது அவருக்கு மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு தெரியும் என்பதால் மனக்கணக்கில் எக்ஸ்போஷரை முடிவு செய்தார். அந்த நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் போட்ட பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக்கறுப்பு. தொடக்கப் பிரிண்டுகளில் அதே வானம் வெளிறியிருக்கிறது.

ஜெர்மனியில் இதே லார்ஜ் ஃபார்மட்டில் பெர்ண்ட், ஹில்லா பெஷர் இணையர் 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மூடாப்பு நாளில், நிழல் விழாமல், நேர் எதிரே நின்று எடுத்து அடுக்கினர். 1990 வெனிஸ் பியனாலேயில் அவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான பரிசு. பெர்ண்டின் மாணவர்களான குர்ஸ்கியும் ஸ்ட்ரூத்தும் சுவரளவு வண்ணப் பிரிண்டுகளுக்குப் போய்விட்டனர்.

தொடங்குவோருக்கு 4×5 கேமரா, 150 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி, கறுப்புத் துணி, நாலைந்து ஃபிலிம் ஹோல்டர்கள் போதும். தேய்த்த கண்ணாடியில் காட்சி தலைகீழாகத் தெரியும்; கண் பழகிவிடும். முதலில் கற்க வேண்டிய அசைவு லென்ஸ் பலகையை உயர்த்துவது. கேமராவை அண்ணாத்தி எடுத்தால் கோபுரம் பின்னுக்குச் சாய்ந்ததுபோல் விழும். பின்பலகையைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் ஏற்றினால் நிமிர்ந்து நிற்கும். லென்ஸைச் சாய்த்துத் தரை முழுதையும் ஃபோகசுக்குள் கொண்டுவரும் விதி, 1904-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஷைம்ஃப்ளூக்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஃபிலிம் ஏற்றுவது முழு இருட்டில். தாளின் மூலையில் வெட்டுக்குறி இருக்கும். தாளை நெடுக்காகப் பிடித்து அந்தக் குறி வலது மேல்மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன் முகத்தை நோக்கி இருக்கிறது. டிரேயில் கழுவும்போது தாள்களை முதலில் வெறும் தண்ணீரில் நனைக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழகும்வரை ஒரு நேரத்தில் ஒரு தாளே மேல். ஒரு தாளின் மூலை இன்னொன்றைக் கீறுவதுதான் அதிகம் நடக்கும் சேதம். கழுவும் நேரங்களெல்லாம் பொதுவாக 20 டிகிரி செல்சியசுக்குச் சொல்லப்பட்டவை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கோடையில் 30-ஐத் தாண்டும் என்பதால் டிரேயைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைக்காமல் தீராது.

முதல் பிரிண்டுகளைக் காண்டாக்ட் முறையில், அதாவது நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில், போடுவதே சரி. 4×5-க்கான என்லார்ஜர் பருத்தது, விலையும் கூடியது. வெஸ்டன் காலத்துக் குளோரைடு தாள் மந்தமானது, வெறும் பல்பு தாங்கியது. அந்த வகையைச் சேர்ந்த கோடாக் ஆஸோ 2005-இல் நின்றுபோனது. இன்றைய என்லார்ஜிங் தாளுக்கு மிகக் குறைந்த வாட் பல்பும் சில நொடிகளும் போதும். சோதனைத் துண்டில் வெளிச்சப் பகுதியைப் பார்த்து நேரத்தையும், நிழலைப் பார்த்துத் தாளின் கிரேடையும் தேர்ந்தெடுப்பது வழக்கம். பிரிண்டில் ஓரிடத்திலாவது தாள் தரக்கூடிய முழுக்கறுப்பு வர வேண்டும். வெள்ளைச் சட்டையானாலும் நெசவு தெரிய வேண்டும்.

ஆயுள் இன்னோர் அளவுகோல். ஃபைபர் தாளை இரண்டு ஹைப்போ (ஃபிக்ஸர்) டிரேக்களில் மாற்றி ஊறவைத்து, ஒரு மணி நேரம்வரை ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். செலீனியம் டோனர் வெள்ளியைக் காப்பதோடு கறுப்பையும் ஆழமாக்கும். அலசல் போதுமா என்பதை ஓரத்தில் விடும் ஒரு துளி சில்வர் நைட்ரேட் காட்டிக்கொடுக்கும். பழுப்புக் கறை விழுந்தால் ஹைப்போ இன்னும் மிச்சம். நனைந்த பிரிண்டின் பளபளப்பை நம்பி முடிவெடுக்கக் கூடாது, காய்ந்தபின் வெளிச்சப் பகுதிகள் ஒரு சாயல் மங்கும். ஆடம்ஸ் இதற்காகவே சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் உலர்த்திப் பார்த்துவிட்டுத்தான் எக்ஸ்போஷரைக் குறைத்தார்.