இரும்பைத் தொட்டு எடுக்கும் சபதம்

விளையாட்டு எதற்குப் பரிசு தருகிறதோ, ஆடுபவர்களின் கை அங்கேதான் போகும். மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கும் இதுவே விதி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், நிலவறையிலிருந்து கொண்டுவரும் பொற்காசுக்கு அனுபவப் புள்ளி கிடைத்தது. அதனால் எல்லோரும் புதையல் தேடினார்கள். தந்தையைக் கொன்றவனைப் பழிதீர்க்கக் கிளம்பியவன் என்று ஒருவர் தன் பாத்திரத்துக்கு முன்கதை வைத்திருந்தாலும், அந்தப் பழிக்குக் கணக்கில் இடமில்லை.

பின்னால் வந்தவர்கள் இடம் கொடுத்தார்கள். லூக் கிரேனின் 'பர்னிங் வீல்' (2002), பாத்திரத்தின் நம்பிக்கைகளை எழுதிவைக்கச் சொல்லி, அவற்றைத் துரத்துவதற்கே வெகுமதி தந்தது. கிளின்டன் நிக்சனின் 'தி ஷேடோ ஆஃப் யெஸ்டர்டே' (2004) இன்னும் குறும்பானது. ஒரு பற்றின்படி நடந்தால் சில்லறையாகப் புள்ளிகள். அதையே உதறித் தள்ளினால் மொத்தமாக 10. மனம் திருந்துவதும் மனம் கெடுவதும் அங்கே லாபக் கணக்கு.

இந்த வரிசையில் என்னை அதிகம் கவர்ந்தது ஷான் டாம்கினின் 'அயர்ன்ஸ்வோர்ன்' (2018). இதில் பாத்திரம் இரும்பைத் தொட்டுச் சபதம் எடுக்கும். எடுக்கும்போதே அதன் கனத்தையும் ஆடுபவர் சொல்லிவிட வேண்டும்; லேசான தொல்லை முதல் காவியம் வரை ஐந்து தரங்கள். தாளில் 10 கட்டங்கள், கட்டத்துக்கு நான்கு கோடுகள். கதையில் ஒரு பெரிய தடையைத் தாண்டினால், லேசான சபதத்தில் மூன்று கட்டங்கள் நிரம்பும். காவியச் சபதத்தில் ஒரே ஒரு கோடு. முன்னது நான்கு தடைகளில் நிறைந்துவிடும், பின்னதற்கு 40 வேண்டும். பரிசும் அதற்கேற்ப 1 புள்ளியிலிருந்து 5 வரை.

நுட்பம் முடிவில் இருக்கிறது. எல்லாக் கட்டங்களும் நிறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போதும் என்று தோன்றும்போது இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டலாம். நிரம்பிய கட்டங்களின் எண்ணிக்கை இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி. ஏழு கட்டங்களோடு துணிந்தால் அதற்கு 36 சதவீத வாய்ப்புதான். பத்தும் நிறைந்திருந்தாலும் ஒரு பகடையில் 10 விழுந்தால் வெற்றி அரைகுறை: நிறைவேறியதாக நினைத்த சபதத்துக்குள் இன்னொரு உண்மை தலைகாட்டும், பரிசில் ஒரு புள்ளி குறையும். இரண்டையுமே மிஞ்சாவிட்டால், சபதத்தைக் கைவிட்டு அதன் வலியைச் சுமக்கலாம். அல்லது ஒரு கட்டம் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு தரம் கூடிய கனத்தோடு தொடரலாம். அவசரம், பேராசை, பிடிவாதம் மூன்றும் இப்படிக் கதைக்குள் தாமாகவே வந்துசேர்கின்றன.

குறை ஒன்று உண்டு. எது பெரிய தடை என்பதை ஆடுபவரே தீர்மானிக்கிறார். தனியாக ஆடும்போது கை தாராளமாகிவிடும். ஆனாலும், ஏமாற்றிச் சேர்த்த கோடு கதையைச் சப்பென்று ஆக்கிவிடுவதால், தண்டனை உடனே கிடைத்துவிடுகிறது.

இதன் விதிநூல் இணையத்தில் இலவசம். நீங்கள் ஆடுவது வேறு விளையாட்டாக இருந்தாலும், அடுத்த அமர்வில் ஒவ்வொருவரையும் ஒரு சபதம் எழுதி, அதன் கனத்தையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.