கட்டியக்காரனுக்குப் பிறகு

சென்னையில் ஸ்டாண்டப் காமெடி நடக்கும் அரங்குகளும் காபிக் கடைகளும் பெரும்பாலும் நகரின் தெற்கிலேயே இருக்கின்றன. ஆழ்வார்ப்பேட்டை, அடையாறு, பழைய மகாபலிபுரம் சாலை. ராயபுரத்தைத் தாண்டினால் மைக் அபூர்வம். இன்னும் வடக்கே, சுமார் 60 கிலோமீட்டரில், பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் கரையிலுள்ள மீனவக் குப்பங்களைப் பேசும் தமிழ் ஸ்டாண்டப் நிகழ்ச்சி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதனாலேயே இந்தத் துறையைக் கொஞ்சம் அந்தக் கரையில் நின்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. யார் பேசுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்பது எட்ட நின்றால்தான் தெரியும்.

ஸ்டாண்டப்பில் 'மாற்று நகைச்சுவை' என்ற போக்கு லண்டனில் 1979இல் காமெடி ஸ்டோர் திறந்ததோடு சூடுபிடித்தது. அலெக்ஸி சேல், டோனி ஆலன் போன்றவர்கள் மாமியார் ஜோக்கையும் கறுப்பர்களைக் கேலி செய்யும் ஜோக்கையும் ஒதுக்கிவிட்டு அரசியலையும் அன்றாடத்தையும் பேசினார்கள். தமிழில் இந்தச் சொல்லை எடுத்தாளும்போது, எதற்கு மாற்று என்ற கேள்வி வருகிறது. நமக்கு மையநீரோட்டம் என்றால் சினிமா காமெடி டிராக், பட்டிமன்றம், பிறகு 2005இல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு'. அதிலிருந்து வந்தவர்கள் பலகுரலில் கைதேர்ந்தவர்கள். அடுத்தவர் குரலில் பேசிச் சிரிக்கவைத்தவர்கள். ஸ்டாண்டப் செய்த மாற்றம் எளிமையானது: சொந்தக் குரலில் பேசு.

அதற்கான மேடையை முதலில் போட்டவர்களில் 'ஏவம்' குழு முக்கியம். கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003இல் தொடங்கியது. நாடகக் குழுவாக இருந்து ஸ்டாண்டப்புக்கு நகர்ந்தது. 'அலைபாயுதே'யில் தலைகாட்டிய கார்த்திக் குமார், 'பிளட் சட்னி', 'செகண்ட் டிகாஷன்', 'ஆண்ஸ்பிளெய்னிங்' என்று தனி நிகழ்ச்சிகளை அடுக்கினார். கடைசியாகச் சொன்னது ஆண்மை பற்றியது; தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசும் துணிச்சல் அதில் உண்டு. அரவிந்த் எஸ்.ஏ. 2017இல் 'மதராஸி டா' மூலம் அமேசான் பிரைமுக்குப் போனார். பெங்களூரிலிருந்து வரும் பிரவீண் குமார், குடும்பஸ்தனின் அலுப்பை நிதானமாகச் சொல்லுவார்.

இவர்களுக்கு நடுவில் அலெக்சாண்டர் பாபு தனி ரகம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். அமெரிக்கா போய் மென்பொருள் வேலை பார்த்துத் திரும்பியவர். 2019இல் வெளியான 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' தமிழ்த் திரையிசையின் வரலாற்றையே ஒரு மாலைக் கச்சேரியாக மாற்றியது. பாட்டைப் பாடி, நடுவில் நிறுத்தி, கதை சொல்லி, மறுபடி பாட்டுக்குத் திரும்புவார். இது கதாகாலட்சேபத்தின் உடம்பு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'நல்லதம்பி'யில் (1949) செய்த 'கிந்தனார்' காலட்சேபத்தை நினைத்துக்கொள்ளாமல் அலெக்ஸைப் பார்க்க முடியவில்லை. கலைவாணரின் பாகவதர் வேஷத்துக்குள் சாதியையும் படிப்பையும் பற்றிய வாதம் இருந்தது. அலெக்ஸிடம் இருப்பது ஏக்கம். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2020 செப்டம்பரில் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' போட்டி நிகழ்ச்சி இந்த வட்டத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. வென்றவர் அபிஷேக் குமார். பெண் பாத்திரங்களை அவர் உரித்துவைக்கும் விதம் பலகுரல் மரபின் நல்ல தொடர்ச்சி. தொகுத்து வழங்கியவர்களில் ஷ்யாமா ஹரிணி ஒருவர். பெண்கள் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

இவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது என்ன? என்ஜினீயரிங் காலேஜ், ஐ.டி. வேலை, அம்மா, அமெரிக்கா, வாடகைக்கு வீடு. திறமைக் குறைவு என்று இதைச் சொல்லமாட்டேன். கோளாறு தொழிலின் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. ஓபன் மைக்கில் புதியவருக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். நேரம் முடியப்போகிறது என்று பின்வரிசையிலிருந்து ஒரு விளக்கு எரியும். அதற்குள் முன்பின் தெரியாத முப்பது பேர் சிரித்தாக வேண்டும். எடுபட்ட வரி நிற்கும், எடுபடாதது அன்றே செத்துப்போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் டிக்கெட் வாங்கி வந்த, பாதி ஆங்கிலம் பேசுகிற இளைஞர்கள் என்றால், அவர்கள் வாழ்க்கைதான் சரக்காக மிஞ்சும். வலையையும் முகத்துவாரத்தையும் விளக்கிச் சொல்லவே அந்த நாலு நிமிடம் போய்விடும்.

தெருக்கூத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை இருந்தது. தொண்டை மண்டலத்துக் கூத்தில் களரி கட்டி, விநாயகர் துதி முடிந்ததும் கோமாளியான கட்டியக்காரன் வருவான். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டிருக்க, பின்னால் ராஜா கிரீடத்தோடும் புஜக்கட்டைகளோடும் காத்திருப்பார். ராஜா பாட்டில் பேசுவார். கட்டியக்காரன் அந்த ஊர்ப் பேச்சில் பேசுவான். யார் நீர், எந்த நாடு, இங்கே என்ன வேலை என்று குறுக்கே குறுக்கே கேட்பான். துரியோதனனின் சபை நடக்கும்போதே பஞ்சாயத்துத் தலைவரின் பெயரும், விழாவுக்கு வரி கட்டாதவரின் பெயரும் வந்துவிழும். துகிலுரிதல் போன்ற கனத்த கட்டத்தில்கூட அவன் வாய் ஓயாது. சிரிப்புக்கு அவன் தன் அம்மாவைத் தேடிப்போக வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஊரே போதும். அம்மன் திருவிழா இரவில் கூத்தோ நாடகமோ பார்த்துப் பழகிய குப்பத்துக்கு இந்த உரிமை புதிதல்ல. இன்றைய ஸ்டாண்டப்காரர்கள் கூட்டத்தோடு வாய் கொடுக்கிறார்களே, 'கிரவுட் வொர்க்' என்று, அது இதன் மிச்சம். வித்தியாசம் ஒன்று: கட்டியக்காரனுக்கு அந்தக் கூட்டத்தை நாளைக்கும் தெரியும்.

வடக்குக் கடற்கரையைத் தொட்ட நையாண்டி வேறு பக்கத்திலிருந்து வந்தது. முதலில் மலையைப் பற்றிய ஒரு பாட்டு: 2015இல் ராப் பாடகர் சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' ராப்பில் யூனிலீவரின் பாதரசக் கழிவைக் கிண்டலடித்தார். அடுத்த ஆண்டு 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்களின் பல ஆண்டுப் போராட்டத்துக்கு அந்தப் பாட்டு ஒரு தள்ளு கொடுத்தது என்பதே நியாயமான கணக்கு. கடற்கரைக்கு வந்தது அடுத்த பாட்டு: 2017இல் கபேர் வாசுகி எழுதி டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எண்ணூர்க் கழிமுகத்திலேயே படமானது. பழவேற்காட்டின் உப்பங்கழியோடு சேர்ந்த நீர் அது. வடசென்னையின் கானாவை மேடையேற்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் வந்தது. அவர்கள் மாட்டுக்கறிப் பாட்டில் ஒரு முழு ஸ்டாண்டப் நிகழ்ச்சிக்கான குறும்பு இருக்கிறது. யூடியூப்பில் கோவையின் நக்கலைட்ஸ் அரசியல் நையாண்டியில் தொடங்கியது. கோபி, சுதாகரின் 'பரிதாபங்கள்' 2025இல் ஆணவக் கொலையைக் கிண்டலடித்து 'சொசைட்டி பாவங்கள்' வெளியிட்டபோது காவல்துறையில் புகார்கள் போயின. தனியாக மைக் பிடிப்பவரைவிட, இரண்டு பேர் வேஷம் கட்டி நடிக்கும்போதே தமிழில் சாதி கேலிக்குள் வருகிறது. கட்டியக்காரனும் ராஜாவும் போல.

தனியாக மைக் பிடிப்பதில் ஆபத்தும் அதிகம். ஸ்டாண்டப் கலைஞர் முனாவர் ஃபரூக்கி 2021 புத்தாண்டு அன்று இந்தூரில் கைதாகி ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்தார். 2025 மார்ச்சில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஷிண்டே பற்றிய கேலிக்காக மும்பையில் வழக்கு வந்தபோது, இன்னொரு ஸ்டாண்டப் கலைஞர் குணால் கம்ரா இடைக்கால முன்ஜாமீன் வாங்கியது சென்னை உயர் நீதிமன்றத்தில். தான் 2021 முதல் விழுப்புரம் மாவட்டத்துக்காரர் என்றார். இந்திக் கேலிக்குத் தமிழகத்தில் கிடைத்த பாதுகாப்பை எத்தனை தமிழ்க் கேலிக்காரர்கள் சோதித்துப் பார்ப்பார்கள் என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

பழவேற்காட்டில் சரக்குக்கா பஞ்சம்? ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' ஏற்பாடு பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சீட்டுக் குலுக்கி இடம் விழும். உரிமை தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்தலைவருக்கு; தலைக்கட்டு ஆகவேண்டுமென்றால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஏரிக்கும் மாப்பிள்ளைக்கும் முடிச்சுப் போடும் இந்தச் சட்டத்தை வைத்து அரை மணி நேரம் ஓட்டலாம். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் காகிதத்திலும் கருத்துக்கேட்பு அறிவிப்புகளிலும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தள்ளிவைக்கப்பட்ட கூட்டத்துக்குக் கிளம்பிவந்தவர்களிடம் கேட்டால் கட்டியக்காரனே கூசும் வசனம் கிடைக்கும். ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். படகுகள் கரையில், ஆண்கள் வீட்டில், சந்தைக்கு மீன் இல்லை. குப்பத்தில் நிகழ்ச்சி போட நினைக்கும் ஸ்டாண்டப்காரர் இஸ்ரோவின் கால அட்டவணையைப் பார்த்துத் தேதி கேட்பது நல்லது. ராக்கெட் தள்ளிப்போனால் நிகழ்ச்சியும் தள்ளிப்போகும்.