வாட்ஸ் பொருந்துகிறது, ஹால்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பழைய ஸ்பீக்கர் வாங்குவது இப்போது ஒரு மோகம். அதிலும் பன்னிரண்டு அங்குல வூஃபர் வைத்த, இடுப்பளவு உயரப் பெட்டிகளுக்குத்தான் கிராக்கி. வாங்குகிறவர் கேட்பது ஒரே கேள்வி: 'என் ஆம்புக்கு இது செட் ஆகுமா?' விற்பவரும் வாட்ஸ், ஓம் இரண்டையும் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார். பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு, பெண் வாழப்போகும் வீட்டை எட்டிப் பார்க்காத கதை இது.

பழையது வாங்குவதில் தப்பில்லை. நல்ல பெட்டியும் ரப்பர் விளிம்பும் இருந்தால் இருபது, முப்பது வருஷம் உழைக்கும். ஃபோம் விளிம்பு மட்டும் சென்னைப் புழுக்கத்தில் பொடிந்துபோகும். விரலால் தொட்டாலே தெரியும். ஓம் கணக்கும் அவசியம்தான். எட்டு ஓமுக்குக் கட்டிய அசெம்பிள்டு ஆம்பில் நாலு ஓம் பெட்டியை மாட்டி முறுக்கினால் 5200, 1943 டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் போய்விடும். ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவே.

வாட்ஸ் பற்றிய கவலை பெரும்பாலும் வீண். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் சாதாரண ஜோடி, பத்தடிக்குப் பன்னிரண்டு ஹாலில் அந்த ஒரு வாட்டிலேயே வீட்டிலிருப்பவர்களைக் குரல் உயர்த்திப் பேச வைக்கும். ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஐம்பதா நூறா என்று மண்டையை உடைத்துக்கொள்வது அந்த மூன்றுக்காக.

கணக்குப் போட வேண்டியது ஹாலுக்கு. சுவருக்குச் சுவர் பத்தடி என்றால் சுமார் 3.05 மீட்டர், ஒலி போய்த் திரும்ப 6.1. நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடும் ஒலியில், அந்த நீளத்துக்குச் சமமான அலை 56, 57 ஹெர்ட்ஸில் விழுகிறது. அது சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வீங்கும். பேஸ் கிடாரின் ஏ தந்தியை அப்படியே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் அந்த ஸ்வரத்தைத் தொடும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடி அதிரும். அதற்கு முன்னும் பின்னும் வருகிற, அவர் அத்தனை நுணுக்கமாகக் கோத்த ஸ்வரங்கள் அந்த உறுமலில் அமுங்கிப்போகும். கூரையும் கிட்டத்தட்ட பத்தடி என்பதால் அதே எண் இன்னொரு தடவை சேர்கிறது. பெட்டியை மூலையில் ஒட்டி வைத்து, சோபாவை எதிர்ச் சுவரில் ஒட்டிப் போடுகிறோம். இரண்டுமே அந்த அலை உச்சத்தில் இருக்கும் இடங்கள்.

'சத்தத்தைக் குறைத்து வைத்தால் போச்சு' என்பது இந்த மோகத்தின் வழக்கமான வக்காலத்து. குறைத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் குறையும். வீங்கியது வீங்கியபடியேதான் நிற்கும். ஈக்வலைசர் என்பார்கள். சோபாவில் அது ஓரளவு சரிசெய்யும். ஹால் நடுவில் அதே அலை அடங்கிக் கிடக்கிற பள்ளத்தை எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் நிரப்ப முடியாது.

ரிச்சி தெருக் கடையில் கேட்டபோது நன்றாகத்தானே இருந்தது? அங்கே கூரை வரை அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எதிரொலியைக் குடித்துவிடுகின்றன. நம் ஹாலில் இருப்பதோ வழவழ டைல்ஸ், பூசிய சுவர், கண்ணாடி ஜன்னல். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று இழுக்கும். சிம்பலும் வயலினும் அந்த இழுப்பில்தான் கூசுகின்றன. பழி ட்வீட்டர் மேல் விழுகிறது.

இந்த ஹால்களுக்கு ஐந்து அல்லது ஆறரை அங்குல வூஃபர் வைத்த மூடிய பெட்டி போதும். அதன் பேஸ் மெல்ல இறங்கும். இறங்கும் இடத்தில் சுவர்களே தாங்கிக் கொடுக்கும். சோபாவை இரண்டடி முன்னால் இழுத்து, தரையில் ஒரு கனத்த ஜமுக்காளம் விரித்தால், ஆம்பை மாற்றிக் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும். இதைச் சொன்னால் 'கம்ப்யூட்டர் ஸ்பீக்கரா வாங்கச் சொல்றீங்க?' என்று சிரிக்கிறார்கள்.

சிரித்தவர்களின் பெட்டிகள் சில மாதங்களில் மறுபடி விற்பனைக்கு வருகின்றன. காரணம் என்று போட்டிருப்பது: 'வீட்டில் இடமில்லை.' வாட்ஸ் மட்டும் பெரிய எழுத்தில்.